ஏற்காட்டுக்குத் தன்னார்வச் சுற்றுலா சுமையே!

நடுவர் அவர்களே, சேலத்துப் பெருமக்களே, வணக்கம்.

சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் சேவையும் செய்துவிட்டுப் போவதுதான் தன்னார்வச் சுற்றுலா. அதனால் நம் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்கு நன்மையா, சுமையா? சுமைதான் என்று பேச வந்திருக்கிறேன். "கோடை லீவில் 40 இளைஞர்கள் வந்து ஒரே நாளில் 200 மரக்கன்று நட்டால் அது சேவை இல்லையா?" என்று கேட்டார் எதிரணித் தலைவர். அவர் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன் ஐயா.

கோடையில் ஏன் நடுகிறார்கள்? அவர்களுக்கு அப்போதுதான் லீவு. மலைக்கு அது நடவுக் காலமே இல்லை. ஒன்றரை அடிக் குழியை முன்கூட்டியே வெட்டி, மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி ஆறப்போட வேண்டும். இரண்டு மூன்று மழை பெய்து மண் உள்வரை நனைந்த பிறகே கன்றை இறக்க வேண்டும். ஒரே நாளில் வெட்டி நடுகிற அவசரத்தில், கல் தட்டினால் குழி அரையடியோடு நின்றுவிடும். கன்று வளர்ந்த பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமலே வைத்துவிடுவார்கள், வேர் உள்ளுக்குள்ளேயே சுருண்டு நெரியும். தண்டு புதைய மண் அணைத்தால் அடித்தண்டு அழுகிவிடும்.

சரி, எல்லாம் முறையாகவே நட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்றுக்கு வாரம் 10 லிட்டர் என்றாலும் 200 கன்றுக்கு 2,000 லிட்டர் தண்ணீர். 15 லிட்டர் குடத்தில் 130 நடைக்கு மேல், அதுவும் மலைச் சரிவில்! நட்டவர்கள் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் ஜங்ஷனில் ரயிலேறியாச்சு. குடம் யார் தலையில் ஐயா? கூலி ஒதுக்காமல் போனால், இங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடிப் பெண்கள் தலையில். ஆடு மேயாமல் முள்வேலி, மூன்று வருடக் களையெடுப்பு எல்லாம் தனி. அதற்கு யாரும் லீவு போட்டு வருவதில்லை.

காட்டை மூடிப் பரவுகிற அந்நியப் புதரான உண்ணிச்செடியை அகற்றுகிறோம் என்றார் எதிரணியின் இன்னொரு நண்பர். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் தரைக்கு மேலே வெட்டினால் தூரிலிருந்து புதர் இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் மூன்று விரற்கடை ஆழத்தில் வேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பழம் பழுக்கும் முன் முடிக்க வேண்டும். அடுத்த மழையில் முளைக்கும் நாற்றைப் பிடுங்க மறுபடி வர வேண்டும். யார் வருவார்கள்?

இதையெல்லாம்விட எனக்குப் பதைப்பது, இப்படி வருகிறவர்களைச் சேவை என்று குழந்தைகள் காப்பகங்களுக்குக் கூட்டிப்போவதுதான். கம்போடியக் காப்பகங்களில் இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள் என்றது ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப். வருகிறவர் பணம் பெருகப் பெருகக் காப்பகங்களும் பெருகின. சுற்றுலாவோடு சேர்ந்த காப்பகத் தன்னார்வப் பணியால் வரும் கேட்டைத் தடுக்கச் சொல்லி 2019-ல் ஐ.நா. பொதுச்சபையே தீர்மானம் போட்டது. நம் நாட்டிலும் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, பராமரிப்பில் உள்ள குழந்தையை அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செல்ஃபி எடுத்துப் போடுகிறவர்களிடம் எந்த ஏஜென்ட் இதைச் சொல்கிறார்?

"அப்போ யாருமே வரக் கூடாதா?" என்பார்கள். வரட்டும். கிராம சபை கேட்ட வேலைக்கு, மழைக் காலத்தில், மூன்று வருடத் தண்ணீர்க் கூலியை முன்பணமாகக் கட்டிவிட்டு வரட்டும். இந்த நிபந்தனையை ஏற்கிற ஒரே ஒரு பேக்கேஜை எதிரணி இந்த மேடையில் காட்டட்டும், பார்ப்போம். நன்றி, வணக்கம்.