நானோ துகள் உடுத்தும் மேலாடை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

விறகடுப்பின் முன் பல்லாண்டு அமர்ந்து சமைத்த ஒருவரின் நுரையீரல் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால், சிலவற்றுக்குள் கரிப்பொட்டுகள் அடைந்து கிடப்பது தெரியும். மூச்சோடு போன கரியைப் பிடித்து அடைத்து வைத்திருக்கும் விழுங்கு செல்கள் அவை. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிக்காஃப், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ஒரு முள்ளைக் குத்திவைத்து, மறுநாள் அதைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருக்கக் கண்டாரே, அந்தக் காவல்தான் நம் நுரையீரலிலும் நடக்கிறது.

முள்ளின் அளவு வேறு, நானோ துகளின் அளவு வேறு. தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். இத்துகளோ நூறுக்கும் உட்பட்டது. பெரிய தூசியைச் சளியில் ஒட்டவைத்துத் தொண்டைக்குத் தள்ளிவிடும் மூச்சுக்குழாயின் குற்றிழைகளைத் தாண்டி, இது காற்று நுண்ணறை வரை போய்விடுகிறது.

அங்கிருந்தோ மருந்தாகவோ குருதிக்குள் வந்த துகள் வெறுமேனியாக இருப்பதில்லை. நொடிகளுக்குள் புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஆய்வாளர்கள் இதைப் புரதக் கொரோனா என்பார்கள் (வைரஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை). மேலாடை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எதிர்ப்பொருள் ஒட்டினால் 'இதை விழுங்கு' என்ற அடையாளம் விழுந்து, கல்லீரலிலும் மண்ணீரலிலும் துகள் பிடிபடும். கொழுப்பைச் சுமக்கும் அப்போலிப்போபுரதம் ஈ ஒட்டினாலோ, கல்லீரல் செல் அதைத் தன் சரக்கென்றே எண்ணி உள்ளே வாங்கிக்கொள்ளும். 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, கொழுப்பு நானோ துகளில் பொதிந்து தரப்படும் பட்டிசிரான் மருந்து இந்த வழியில்தான் கல்லீரலை அடைகிறது. ஆகவே குப்பியில் இருக்கும் துகளை மட்டும் சோதித்துவிட்டுப் பாதுகாப்பானது என்று சான்றளிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆறு நானோமீட்டருக்கும் குறைந்தவை பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடும் என்பது ஓர் ஆறுதல்.

காவலே கேடாகும் இடமும் உண்டு. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை, விழுங்கு செல்லைவிட நீளமாக இருக்கக்கூடும். பாதி விழுங்கி, மீதியை உள்வாங்க முடியாமல் திணறும் செல், தன் நொதிகளையும் நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் சுற்றிலும் சிந்திவிட, அழற்சி ஆறாமல் நீடிக்கிறது. 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் நீண்ட கார்பன் நானோ குழல்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்தியபோது அதே அழற்சியைக் கண்டனர். குட்டையாகவும் சுருண்டும் இருந்த குழல்களால் அது நேரவில்லை. அவற்றைச் செல்கள் முழுதாக விழுங்க முடிந்தது.