பத்துப் பள்ளிக்கு மூன்று பெட்டி

தலைமையாசிரியர்களுக்கும், ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் அனுபவ வழிக் கற்றல் தேவையா என்று இந்த அவையில் வாதாடப் போவதில்லை. 1937இல் வார்தா மாநாட்டில் கைத்தொழில் வழியாகக் கற்பிக்கும் காந்தியடிகளின் ஆதாரக் கல்வி பேசப்பட்டது. 1947இல் தொடங்கிய திண்டுக்கல் காந்திகிராமம் அந்த வழியில் நம் மண்ணிலேயே வேலை செய்தது. 2022 நவம்பரில் நம் அரசுப் பள்ளிகளுக்கு, அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்கும் வானவில் மன்றம் வந்தது. யோசனைக்குப் பஞ்சமில்லை. ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் எந்தத் திட்டமும் நன்றாகத்தான் நடக்கும். அதையே பத்துப் பள்ளிக்குக் கொண்டுபோகும்போது எது தொலைகிறது? அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

என் கருத்து இது: பத்துப் பள்ளிக்கும் செயல்பாடு போய்ச் சேர்ந்துவிடும். செய்து முடித்தபின் பிள்ளைகள் உட்கார்ந்து பேசும் நேரம்தான் வழியிலேயே உதிர்ந்துவிடும். செய்தல், திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருதல், அந்த முடிவை மறுபடி சோதித்தல் என்று அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் கோல்ப் 1984இல் நான்கு படி சொன்னார். பயிற்சி வகுப்புகளில் இதை வட்டம் போட்டுக் காட்டுகிறோம். பள்ளியில் முதல் படி முடிந்ததும் மணி அடித்துவிடுகிறது, வாட்ஸ்அப்பில் படமும் போய்விடுகிறது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயனில்லை. ஒரே ஒரு செயல்பாட்டை எடுத்துக்கொள்வோம்: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதிப்பது.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்? தண்ணீரில் கரைந்த பொருளின் மொத்த அளவை (டிடிஎஸ்) எண்ணாகக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் மூன்று, அதற்கான பட்டன் செல் கூடுதலாக ஒரு செட், தக்கையுடன் சோதனைக் குழாய் பத்து, சொட்டுக் குழாய் பத்து, இரண்டு லிட்டர் காய்ச்சி வடித்த நீர், குளியல் சோப் ஒன்று, உப்பு, சர்க்கரை. மூடியின் உட்புறம் பொருள் பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் இரண்டு மாணவர்கள் எண்ணிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆசிரியரிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒப்புக்குக் கையெழுத்து விழும், பிள்ளைகள் சொட்டுக் குழாயைக்கூட எண்ணுவார்கள். பத்துப் பள்ளிக்கு இப்படி மூன்று பெட்டி போதும். பள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கினால் அது பீரோவில் பூட்டப்பட்டு, தணிக்கைக்கு மட்டும் வெளியே வரும். சுற்றில் இருக்கும் பெட்டிக்கு அடுத்த பள்ளி காத்துக்கொண்டிருப்பதால் அது தூங்காது.

இரண்டு பாடவேளையைச் சேர்த்து எடுத்தால் எண்பது நிமிடம் கிடைக்கும். முதல் பத்து நிமிடம் யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஊர்க் கிணறு, ஆழ்துளைக் குழாய், மேல்நிலைத் தொட்டிக் குழாய், கேன் தண்ணீர், மழைநீர் என்று ஐந்து பாட்டில்களை வரிசையாக வைத்து, எதில் உப்பு அதிகம் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் மதிப்பிட்டு எழுத வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை விட்டால் பின்னால் பேசுவதற்கு எதுவும் இருக்காது. தான் நினைத்தது பொய்த்துப் போகும்போதுதான் பிள்ளைக்கு 'ஏன்' என்று கேட்கத் தோன்றும்.

அடுத்த முப்பத்தைந்து நிமிடம் சோதனை. ஐந்து பேர் குழுவில் அளப்பவர், குறிப்பவர், கழுவுபவர், நேரம் பார்ப்பவர், மற்ற குழுவிடம் போய் ஒப்பிட்டு வருபவர். யாருக்கு என்ன வேலை என்பதைப் பிள்ளைகளிடமே விட்டால் ஒரே மாதிரிதான் முடியும்: துடிப்பான பையன் கையில் மீட்டர், கையெழுத்து அழகாக இருக்கும் பெண் பிள்ளை கையில் நோட்டு. ஆண்டு முழுதும் அந்தப் பெண் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பாள். வேலைச் சுழற்சியை நோட்டின் முதல் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

தவறு நடக்கும் இடங்கள் எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். மீட்டரை அதில் குறித்திருக்கும் கோட்டுக்கு மேல் மூழ்கவிட்டால் உள்ளே தண்ணீர் இறங்கிப் பழுதாகும். ஒரு பாட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது காய்ச்சி வடித்த நீரில் அலசாவிட்டால் கிணற்று உப்பு மழைநீரிலும் தெரியும். எண் நிலைக்கும் முன்பே படித்துவிடுவார்கள். பாட்டிலில் முந்தைய நாள் ஜூஸ் இருந்திருக்கும். செல் தீர்ந்துவரும் மீட்டர் அளவைத் தப்பாகக் காட்டும். அதனால் தொடங்கும் முன் மூன்று மீட்டரையும் ஒரே டம்ளரில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மாறுபட்டால் அதை அன்று பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது சோப்பை நுரைக்க விடாத தன்மையை, சோப்புக் கரைசலால் பார்க்கலாம். ஒன்றிரண்டு கிராம் குளியல் சோப்பைச் சீவி, நூறு மில்லி வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் கரைத்துத் தெளியவிட வேண்டும். சோதனைக் குழாயில் பத்து மில்லி மாதிரி நீர் எடுத்து, ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்கி, ஒரு நிமிடம் நிற்கும் நுரை வரும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். முதலில் காய்ச்சி வடித்த நீரை எண்ணுங்கள், மற்றவற்றை அதோடு ஒப்பிடுங்கள். இதில் சலவைத் தூளையோ பாத்திரம் தேய்க்கும் திரவத்தையோ விட்டால் எல்லாக் குழாயிலும் நுரை பொங்கும். அவை கடின நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. பிள்ளைகள் ஐந்து தண்ணீரும் ஒன்றுதான் என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

மீதி முப்பத்தைந்து நிமிடம் பேச்சு. இதைத்தான் காக்க வேண்டும். ஆசிரியர் இங்கே விளக்கவுரை ஆற்றத் தொடங்கினால் காரியம் கெட்டது. மூன்று கேள்வி போதும்: என்ன நினைத்தாய், என்ன வந்தது, ஏன் வேறுபட்டது?

பேச்சு சூடு பிடிக்க ஒரு சின்ன வேலை செய்யலாம். ஒரு டம்ளர் கேன் தண்ணீரில் மீட்டரை வைத்து எண்ணை எழுதுங்கள். ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள். எண் பெரிதாக அசையாது. அடுத்து ஒரே ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள். எண் தாவும். 'சர்க்கரையும் கரைந்துதானே இருக்கிறது?' என்று ஒரு பிள்ளை கேட்கும். மீட்டர் கரைந்த பொருளை எண்ணவில்லை, தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை அளந்து கணக்கிட்டுக் காட்டுகிறது என்ற இடத்துக்கு வகுப்பே தானாக வந்து சேரும். அடுத்த கேள்வியை மட்டும் நீங்கள் போடுங்கள்: அப்படியானால் கிருமி இருந்தால் இது காட்டுமா? புளூரைடு இருந்தால்?

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500இல் டிடிஎஸ் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு ஆதாரம் இல்லையென்றால் 2000 வரை. அளவு கூடினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளூரைடுக்கு 1.0, மிஞ்சினால் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளூரைடு பிரச்சினை உள்ள ஊர்களில் இது பாடப்புத்தகச் செய்தி அல்ல. ஒன்றரை மில்லிகிராம் வித்தியாசம் டிடிஎஸ் மீட்டரில் தெரியவே தெரியாது. 'எண் குறைவு, அதனால் நல்ல தண்ணீர்' என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னால், நாம் ஒரு தவறான நம்பிக்கையை ஊருக்குள் விதைத்தவர்கள் ஆவோம். பேச்சு நேரத்தை வெட்டினால் வரும் உண்மையான ஆபத்து இதுதான்.

இனி நிர்வாகம். முதல் ஆண்டே பத்துப் பள்ளியில் இறங்க வேண்டாம். மூன்றில் தொடங்குங்கள்: பெரிய பள்ளி ஒன்று, நடுத்தரமானது ஒன்று, பேருந்து குறைவான ஊரிலுள்ள சிறிய நடுநிலைப் பள்ளி ஒன்று. மூன்றாவதில் நடந்தால் எங்கும் நடக்கும். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பயிற்றுங்கள். ஒருவரை மட்டும் பயிற்றினால் அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வோடு திட்டமும் மாறுதலாகிவிடும். பயிற்சியில் படவிளக்கம் ஓட்டாதீர்கள். எண்பது நிமிடச் செயல்பாட்டை ஆசிரியர்களே மதிப்பீடு எழுதுவதிலிருந்து முழுதாகச் செய்யட்டும்.

நாட்காட்டியைப் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பிப்ரவரிக்குப் பின் முழுஆண்டுத் தேர்வின் பரபரப்பு. ஜூலையில் ஒரு சோதனை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரியில் ஒரு சோதனை. கோல்ப் சொன்ன நான்காம் படி, அதாவது மறுபடி செய்து பார்ப்பது, இப்படித்தான் நடைமுறைக்கு வரும். மாதிரி நீர் எடுக்க வெளியே போகும்போது நடக்கும் தூரத்துக்குள் போங்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதம், புறப்படும்போதும் திரும்பும்போதும் தலை எண்ணிக்கை, இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவர், போகும் இடத்தில் கழிப்பறை. கிணற்றில் வாளி இறக்குவது பெரியவர் வேலை, பிள்ளைகள் சுவரருகே போகக் கூடாது.

கண்காணிப்புக்கு ஒரே ஒரு முறை சொல்கிறேன். பதாகைக்கு முன் நிற்கும் குழுப்படத்தைக் கேட்காதீர்கள். பள்ளிக்குப் போகும்போது கண்ணை மூடி ஐந்து நோட்டுகளை எடுங்கள். ஐந்திலும் ஒரே வாக்கியம் இருந்தால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. எல்லா மதிப்பீடும் சரியாக இருந்தால் முடிவைப் பார்த்தபின் திருத்தியது. அடித்தலும் திருத்தலும் எழுத்துப்பிழையும் தப்பான ஊகமும் உள்ள நோட்டு கிடைத்தால் அந்த ஆசிரியரைப் பாராட்டிவிட்டு வாருங்கள். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள், அந்த நிமிடமே பிள்ளைகள் தப்பாக ஊகிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கடைசியாக, வந்த முடிவை என்ன செய்வது? பள்ளி மீட்டரை நம்பி ஊரில் எதையும் அறிவிக்கக் கூடாது. சந்தேகமான மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை வந்தபின் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஜனவரி 26 கிராம சபையில் வைக்கலாம். முடிவை எழுதிக் காட்டும் அட்டையில் வீட்டுப் பெயரோ தெருப் பெயரோ வேண்டாம், நீராதாரத்துக்கு எண் கொடுங்கள். எந்தக் கிணறு யாருடையது என்பது நம் ஊர்களில் சாதியையும் சேர்த்துச் சொல்லிவிடும், அந்தச் சுமை பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏறக் கூடாது. எந்த எண் எந்த ஆதாரம் என்ற பட்டியல் தலைமையாசிரியரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் மட்டும் இருக்கட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பெட்டிக்கான செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் தொடங்கலாம்.