நீலப் பொடியும் கறுத்த குழாயும்

வணக்கம் மக்களே. இந்தக் குப்பியைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் நீலப் பொடி தெரிகிறதா? மயில்துத்தம் ஞாபகம் வந்தால் தப்பில்லை, இதிலும் செம்புதான். பெயர் ஜிஎச்கே காப்பர். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என மூன்றே அமினோ அமிலங்கள், கூடவே ஒரு செம்பு அயனி. 1973-இல் லோரன் பிக்கார்ட் மனித ரத்தப் பிளாஸ்மாவில் கண்டுபிடித்த பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி, இது. இன்று முகத்தில் தடவும் சீரம்கள் பலவற்றிலும் இருக்கிறது.

லேபில் இதை வைத்துச் செய்வது எளிய வேலை. தட்டு முழுக்கத் தோல் செல்களை வளர்த்து, பிப்பெட் முனையால் நடுவில் ஒரு கோடு கீற வேண்டும். அந்த இடைவெளியைச் செல்கள் எவ்வளவு வேகமாக மூடுகின்றன என்று நேரத்துக்கு நேரம் படம் எடுப்போம். பிளாஸ்டிக் தட்டில் கோடு மூடிவிட்டது என்பதற்காக உங்கள் முகத்தில் தழும்பு மறையும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது நிறம். நம் உடம்பிலேயே ஆல்ஃபா எம்எஸ்எச் என்ற 13 அமினோ அமில ஹார்மோன் இருக்கிறது. அது தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்லின் எம்சி1ஆர் ஏற்பியில் உட்கார்ந்ததும் மெலனின் என்ற கறுப்பு நிறமியின் உற்பத்தி கூடும். ஆனால் ரத்தத்தில் சீக்கிரமே சிதைந்துவிடும். அரிசோனா பல்கலைக்கழகத்தில் விக்டர் ஹ்ரூபியும் மாக் ஹாட்லியும் இருந்த குழு, 4-வது இடத்து அமினோ அமிலத்தை மாற்றி, 7-வதை அதன் கண்ணாடிப் பிம்ப வடிவமாக்கியது. அவ்வளவுதான், ஆயுளும் வீரியமும் கூடிவிட்டன. அதுதான் அஃபமெலனோடைடு. வெயில் பட்டாலே தோல் தாங்க முடியாமல் எரியும் ஒரு பரம்பரை நோய்க்கு ஐரோப்பா 2014-லும் அமெரிக்கா 2019-லும் இதை அனுமதித்தன. சிவப்பழகு கிரீம் விற்கிற ஊரில் இருந்துகொண்டு கறுக்க வைக்கும் மருந்தைப் பற்றிப் பேசுகிறேன், சிரிக்காதீர்கள்.

இதன் தம்பி மெலனோடன் 2, அதுவும் தோலைக் கறுக்க வைக்கும் செயற்கைப் பெப்டைடுதான். மருந்தாக அனுமதி பெறாமலேயே ஊசி, மூக்கு ஸ்பிரே என்று இணையத்தில் ஓடுகிறது. குமட்டல், மச்சம் கறுப்பது போன்ற பக்கவிளைவுகள் பதிவாகியிருக்கின்றன.

‘லேபில் வாங்குவது 99 சதவீதம் சுத்தம்தானே, அப்புறம் என்ன பயம்?’ என்று பலர் கேட்கிறீர்கள். அந்த 99 எங்கிருந்து வருகிறது தெரியுமா? கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி பெரும்பாலும் 220 நானோமீட்டர் வாக்கில் பெப்டைடு பிணைப்பு உறிஞ்சும் ஒளியைத்தான் அளக்கும். நீர், உப்பு, எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு எல்லாம் அதன் கண்ணில் படாது. 10 மில்லிகிராம் என்று எழுதிய குப்பியில் பெப்டைடு 7, 8 மில்லிகிராம்தான் இருக்கலாம். மீதி நீரும், சுத்திகரிப்பில் ஒட்டிக்கொண்ட டிரைஃபுளோரோ அசிட்டேட் என்ற உப்பும்.

நானும் பட்டிருக்கிறேன். ஒருமுறை விலை குறைவு என்று வாங்கிய குப்பி. அமினோ அமில வரிசையைக் கலைத்த போலிப் பெப்டைடையும் அங்கேயே வாங்கினேன், ஒப்பீட்டுக்கு. எதுவும் செய்யக்கூடாத அந்தப் போலியும் செல்களை உசுப்பிவிட்டது. மூன்று வாரம் மண்டை காய்ந்தது. கடைசியில் எண்டோடாக்சின் சோதனையில் மாட்டியது. அந்தச் சோதனைக்கான பொருள் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து வருகிறது. அந்த ரத்தமும் செம்பால்தான் நீலம், என்ன பொருத்தம் பாருங்கள்! தட்டில் கிடந்த செல்லுக்கே அந்த நிலைமை. ஊசியில் ஏற்றினால்?

சரி, இப்போது குழாய்களைப் பார்க்கலாம். பி16 என்ற எலி மெலனோமா (நிறச் செல் புற்றுநோய்) செல்கள், மூன்று நாள் ஆகிறது. இடது குழாயில் ஒன்றும் சேர்க்கவில்லை, அடியில் வெளிறிய படிவு. வலதில் ஆல்ஃபா எம்எஸ்எச் போட்டேன். படிவைப் பாருங்கள், அடுப்புக்கரி மாதிரி. அளவு என்ன என்று கேட்டால் இந்தத் தட்டுக்கான அளவைச் சொல்வேன். உடம்புக்கு என்று என்னிடம் ஒரு அளவும் இல்லை.