தண்ணீர் 88 டிகிரியில் கொதிக்கும் ஊர்

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். வெளியூர் போனால் வயிறு நிறைவது பழகிய சாப்பாட்டிலா, அந்த ஊர்ச் சாப்பாட்டிலா? அந்த ஊர்ச் சாப்பாட்டில்தான். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் லடாக்கில் லே நகரத்துக்குப் போய்வந்த கதையைச் சொன்னார். "உப்புப் போட்ட டீ, வறுத்த பார்லி மாவு. அது சாப்பாடா ஐயா? காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற கஞ்சி! ஒரு மசால் தோசையைத் தேடிப்பிடித்துச் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் 'காய்ச்சல் கஞ்சி' மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

லேக்கு நானும் போயிருக்கிறேன், என் தாய்மாமனோடு. மாமா வெளியூர்த் தண்ணீரைக்கூட நம்பாதவர். 5 கிலோ பொன்னி அரிசி, துவரம்பருப்பு, ஒரு கரண்ட் ரைஸ் குக்கர், எல்லாவற்றையும் கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினார். "மாப்ளே, அரிசி இருந்தா ராஜா" என்றார்.

மார்ச் மாதம். ஸ்ரீநகர் சாலையில் சோஜி லா கணவாய் பனியில் மூடிக் கிடந்தது. சாங்ஸ்பா பக்கம் வெயில்காலத்தில் பீட்சாவும் பாஸ்தாவும் போடுகிற கடைகளில் பெரும்பாலும் பூட்டு. ஒரு லடாக்கி அம்மா வீட்டில் அறை எடுத்திருந்தோம். மாமா குக்கரில் அரிசியைப் போட்டார், தண்ணீர் ஊற்றினார், பொத்தானை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வற்றி, பொத்தான் டக்கென்று மேலே வந்தது. திறந்தார். மேலே குழைவு, உள்ளே கல்.

மறுபடி தண்ணீர். மறுபடி டக். மறுபடி கல்.

மூன்றாம் முறை மாமா குக்கரைத் திறக்கவில்லை, அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பொத்தான் டக்கென்றது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். நடுவில் வெள்ளையாக ஊசிமுனை அளவுக்கு வேகாத அரிசி. "மாப்ளே, அரிசி கெட்டுப்போச்சா, ஊரு கெட்டுப்போச்சா?" என்றார்.

அரிசியும் கெடவில்லை, ஊரும் கெடவில்லை. லே இருப்பது சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையிலோ, ஆவியை அடைத்து வைக்காத மாமாவின் ரைஸ் குக்கரிலோ தண்ணீரின் சூடு அதற்கு மேல் ஏறாது. பிரஷர் குக்கரில் வேகும், அங்கே வீட்டுக்கு வீடு அது உண்டு. ஆனால் பிரஷர் குக்கர் வராத காலத்திலும் அந்த மலையில் மனிதர்கள் சாப்பிட்டார்கள் அல்லவா? அவர்கள் பார்லியை வறுத்தார்கள், ஓடைத் தண்ணீரில் சுற்றும் கல் திரிகையில் அரைத்து வைத்தார்கள். பசிக்கிறபோது டீயில் பிசைந்தால் போதும், வேகவைக்கிற வேலையே இல்லை. மரம் அரிதான ஊர், வரட்டியை எண்ணி எரிக்கிற ஊர். ஒரு தடவை மூட்டிய தீயில் பல நாள் சாப்பாடு! அந்த மாவுக்கு அங்கே ஙம்ஃபே என்று பெயர். நம் பாட்டிமார் கம்பையும் கேழ்வரகையும் வறுத்து மாவாக்கி வைத்ததும் இதே அறிவில்தானே? அதைக் காய்ச்சல் கஞ்சி என்று சொல்ல எப்படி ஐயா வாய் வந்தது?

அப்புறம் உப்புப் போட்ட டீ. மர உருளையில் டீயோடு வெண்ணெயும் உப்பும் போட்டுக் கடைவார்கள். கடைகிற சத்தத்தையே வைத்து குர்குர் சா என்பார்கள். அந்தக் குளிரில் உடம்பு கேட்பது கொழுப்பு. வறண்ட மலைக்காற்றில் உதடு வெடித்து நிற்கிறவனுக்கு அந்த வெண்ணெயின் அருமை தெரியும். காலையில் ஜாமா மசூதிக்குப் பின்னால் இருக்கிற சந்துக்குப் போய் தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியைச் சுடச்சுட வாங்கி, இந்த டீயில் நனைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு எங்கள் அணியில் வந்து பேசுவீர்கள்.

மணி அடிக்கிறது, தெரிகிறது. ஒரு நிமிடம் கொடுங்கள், குக்கரை இன்னும் மூடவில்லை.

மூன்றாவது டக் கேட்டதும் அந்த வீட்டம்மா எட்டிப் பார்த்தார். அங்கே அம்மாவை அமா என்பார்கள், மரியாதைக்கு 'லே' சேர்த்து அமாலே. அமாலே சிரிக்கவில்லை. கோதுமை மாவைப் பிசைந்தார், உருட்டி உருட்டிக் கட்டைவிரலால் குழி அழுத்தினார். கொல்லையில் காய்கறி புதைத்து வைக்கிற குழியைத் திறந்தார். கணவாய் மூடினால் லாரி வராது. கோடையில் விளைந்ததைத்தான் குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிட வேண்டும். நான் எட்டிப் பார்த்தேன், நடுவர் அவர்களே. அடியில் கிடந்தது மூன்றே மூன்று டர்னிப், தோல் சுருங்கிப்போய். மூன்றையும் எடுத்து எங்கள் பானையில் போட்டுவிட்டார்.

ஸ்க்யூ என்கிற அந்தச் சாப்பாட்டை மாமா முதல் வாய் வைத்தார். பேசவில்லை. குனிந்தபடி கிண்ணத்தைக் காலி செய்தார். "டொன்லே, டொன்லே" என்று அமாலே மறுபடி ஊற்றினார். சாப்பிடுங்கள் என்று அர்த்தம். "போதும்மா" என்றார் மாமா. அந்த 'அம்மா'வுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் 5 கிலோவில் மிச்சமிருந்த அரிசியை அப்படியே அமாலே கையில் கொடுத்தார். அன்று ராத்திரி அமாலே தன் பிரஷர் குக்கரில் அந்தப் பொன்னி அரிசியைப் பூவாக வேகவைத்து மாமா முன்னால் வைத்தார். மாமா ஒரு பிடி அள்ளினார். கை நின்றது. அடுப்பில் இருந்த பழைய பானையைக் காட்டி, தமிழிலேயே கேட்டார்:

"நேத்து வச்சது கொஞ்சம் மிச்சம் இருக்காம்மா?"

நன்றி, வணக்கம்.