மணல் வராத வாரத்தில் ரெடிமிக்ஸ் பிளான்ட் ஓட்டுவது எப்படி?

[காட்சி: காலை 6 மணி. பேட்சிங் பிளான்ட் யார்டு. எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) குவியல் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்டது.]

கிரஷர் ஸ்டிரைக், குவாரி பர்மிட் சிக்கல், அனல் மின் நிலையத்திலிருந்து ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) பல்கர் லாரி வரவில்லை... தமிழ்நாட்டில் ரெடிமிக்ஸ், அதாவது கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்பும் தொழிலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிய செய்தி. பொருள் தீர்ந்து பிளான்ட் நின்றால் அன்றைய நஷ்டத்தோடு போயிற்று. கிடைத்ததைப் பழைய மிக்ஸ் விகிதத்திலேயே போட்டு ஓட்டினால், 28-ம் நாள் பலம் பார்க்க க்யூப் (சோதனைக் கான்கிரீட் கட்டி) உடைக்கும்போதுதான் கோளாறு தெரியும். அதற்குள் அந்தத் தளத்தின் மேல் அடுத்த தளம் ஏறியிருக்கும். ஆபத்து இந்த இரண்டாவதில்தான்.

முதலில் கையிருப்பு. உதாரணத்துக்கு ஒரு எம்25 தரக் கான்கிரீட் மிக்ஸ். ஒரு கன மீட்டருக்கு சிமென்ட் 270 கிலோ, ஃப்ளை ஆஷ் 80, தண்ணீர் 165, எம்-சாண்ட் 830, 20 எம்எம் ஜல்லி 640, 12 எம்எம் 420. நாளைக்கு 60 கன மீட்டர் ஸ்லாப் என்றால் 6 கன மீட்டர் வண்டியில் பத்து லோடு. மணல் மட்டும் கிட்டத்தட்ட 50 டன், சிமென்ட் 16.2 டன். இவ்வளவும் யார்டில் இருந்தால்தான் ஆர்டருக்குச் சரி சொல்ல வேண்டும். "மணல் லாரி வழியில இருக்கு" என்பதை நம்பி முதல் லோடை அனுப்பாதீர்கள்.

[காட்சி: அடுப்பில் ஒரு வாணலி, பக்கத்தில் எலக்ட்ரானிக் தராசு.]

இப்போது ஈரம். தட்டுப்பாட்டில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். சாதாரண நாட்களில் கழுவிய மணல் கிரஷரிலேயே ஓரிரு நாள் வடியும். தட்டுப்பாட்டில் அதற்கு நேரமில்லை. லாரி அடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட வரும். போதாக்குறைக்கு லோடர் டிரைவர் குவியலின் அடிமட்டம் வரை வழிக்கிறார். ஈரமும் தரை மண்ணும் அங்கேதான் தங்கும். குவியலின் கீழ் ஓரடி உயரத்தைத் தொடவே கூடாது.

500 கிராம் மணலை வாணலியில் வறுங்கள். கட்டியில்லாமல் உதிர்ந்து ஓடும் வரை வறுத்து, ஆறவிட்டு எடை போடுங்கள். 463 கிராம் நின்றால் போன தண்ணீர் 37. அதை 463-ஆல் வகுத்தால் ஈரம் 8 சதவீதம். மணலே உறிஞ்சிக்கொள்வது 3 சதவீதம் என்று வைத்தால் மீதி 5 சதவீதம் கான்கிரீட்டில் கூடுதல் தண்ணீராகச் சேரும். 830 கிலோவில் அது சுமார் 40 லிட்டர். தண்ணீரில் 40 குறைத்து, மணலில் 40 கிலோ கூட்ட வேண்டும். இந்தத் திருத்தத்தை விட்டால் தண்ணீர்-சிமென்ட் விகிதம் (ஃப்ளை ஆஷையும் சிமென்டோடு சேர்த்துக் கணக்கிட்டு) 0.47-லிருந்து 0.58 வரை போய்விடும். ஒவ்வொரு லாரிக்கும் வறுத்துப் பாருங்கள். கால் மணி நேர வேலை.

அடுத்து ஃப்ளை ஆஷ். அது இல்லாதபோது "80 கிலோவுக்குப் பதில் 60 கிலோ சிமென்ட் போதும், பலம் வந்துவிடும்" என்பார்கள். பலம் வரலாம். ஆனால் ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி, மிதமான சூழலில் இரும்புக் கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு இந்தத் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.50-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. 165 லிட்டர் தண்ணீருக்கு 330 கிலோ சிமென்ட், அதற்குக் கீழே இறங்க முடியாது. 60 கிலோ சேர்த்தால் அந்த விளிம்பில்தான் நிற்கிறோம்.

இன்னொரு கணக்கைப் பலர் மறக்கிறார்கள். ஃப்ளை ஆஷ் இலேசானது, 80 கிலோ 36 லிட்டர் இடத்தை அடைக்கும். 60 கிலோ சிமென்ட் 19 லிட்டர்தான். கன மீட்டருக்கு 17 லிட்டர் குறைகிறது. 60 கன மீட்டரில் ஒரு கன மீட்டர். கடைசியில் ஸ்லாப் மூலையில் கான்கிரீட் போதாமல் மேஸ்திரி போன் செய்வார், "லோடு குறைச்சு அனுப்புறீங்க" என்பார். அவர் சொல்வது உண்மைதான். அந்த 17 லிட்டரை 45 கிலோ மணலால் நிரப்ப வேண்டும், அதுவும் டிரையல் மிக்ஸ் (சிறு சோதனைக் கலவை) போட்டுப் பார்த்த பிறகு. ஃப்ளை ஆஷின் உருண்டைத் துகள் இல்லாததால் பம்ப் பிரஷர் ஏறும், ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கம்) சீக்கிரம் விழும். வெயில் நேரத்தில் ரிட்டார்டர் (இறுகுவதைத் தாமதப்படுத்தும் மருந்து) அளவையும் டிரையலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரஷர் மாறினாலும் டிரையல் கட்டாயம். புது மணலை ஈரக் கையில் தேயுங்கள். பொடி கழுவினால் போய்விட வேண்டும். சேறு மாதிரி வழவழவென்று ஒட்டினால் களிமண் இருக்கிறது. கான்கிரீட்டை இளக்கக் கலக்கும் மருந்தான அட்மிக்சரைக் களிமண் விழுங்கிவிடும், ஸ்லம்ப் வராது, ஆபரேட்டர் தண்ணீரைத் திறப்பார். அந்த லாரியை இறக்காமலே திருப்பி அனுப்புங்கள்.

விலையை முன்கூட்டியே எழுதுங்கள். மணல் டன்னுக்கு 100 ரூபாய் ஏறினால் இந்த மிக்ஸில் கன மீட்டருக்கு 83 ரூபாய். கொட்டேஷனில் இந்தக் கணக்கு இருந்தால் பில் நாளில் சண்டை வராது.

[காட்சி: ஸ்லாப் நடுவே செங்குத்தாக நிற்கும் ஸ்டாப்பர் பலகை.]

இத்தனைக்கும் பிறகு பாதியில் பொருள் நின்றால், உடனே சைட் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கான்கிரீட்டை சப்போர்ட் (பீம், சுவர்) பக்கத்தில் நிறுத்தக் கூடாது. ஷியர் (வெட்டு விசை) குறைவாக உள்ள, ஸ்பானின் (இரண்டு சப்போர்ட்டுக்கு இடைப்பட்ட நீளத்தின்) நடுப் பகுதியில், பலகை வைத்து நேராக நிறுத்த வேண்டும். சரிவாக வழியவிட்டால் மறுநாள் அது கோல்டு ஜாயின்ட், பழையதும் புதியதும் சரியாக ஒட்டாத இணைப்பு. பலகை அடிக்கக் கையில் நேரம் வேண்டும், அதனால் இந்த போன் கடைசி இரண்டு லோடு மிச்சமிருக்கும்போதே போக வேண்டும்.