என் பதற்றம் பிள்ளையின் மூளையைக் கெடுத்துவிட்டதா?

அடுத்த கேள்வி பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. முதலில் படித்துவிடுகிறேன்.

"என் கணவர் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர். 2020 பங்குனியில் ஊரடங்கு வந்ததும் வேலை அடியோடு நின்றது. இருந்த நகையையும் அடகு வைத்தோம். அப்போது மகனுக்கு நான்கு வயது. தண்ணீரைக் கொட்டினால்கூட அவனிடம் கத்தினேன். சில நாள் அடித்தும் இருக்கிறேன். இப்போது ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். இரண்டு வேலை சொன்னால் ஒன்றை மறந்துவிடுகிறான். கணக்கைப் பாதியில் விட்டு எழுந்துவிடுகிறான். அன்று நான் கத்தியதுதான் காரணமா?"

அம்மா, ஐந்து வருடமாக இதை மனத்தில் சுமந்துகொண்டிருக்கிறீர்கள் என்பது கடிதத்தைப் படித்தபோதே தெரிந்தது. அவன் மூளை கெட்டுப்போய்விட்டது என்று சொல்வதற்கு நீங்கள் எழுதியதில் எதுவுமே இல்லை. ஆனால் பெற்றோரின் பாரத்துக்கும் பிள்ளையின் சிந்தனைக்கும் தொடர்பே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறோம். "புளி கால் கிலோ, மிளகு ஐம்பது கிராம், வரும் வழியில் அப்பத்தாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வா" என்கிறோம். மூன்றையும் மனத்தில் பிடித்து வைத்திருப்பது ஒரு திறன். தெருவில் கோலி ஆடுவதைப் பார்த்ததும் நின்றுவிடாமல் நடப்பது இன்னொன்று. கடை பூட்டியிருந்தால் அழுதுகொண்டு திரும்பாமல் அடுத்த கடைக்குப் போவது மூன்றாவது. ஏடெல் டயமண்ட் என்ற உளவியல் அறிஞர் 2013-ல் எழுதிய கட்டுரையில் இந்த மூன்றையும்தான் அடிப்படையாக வைக்கிறார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இத்திறன்கள் வேகமாக வளர்கின்றன. அந்த மூளைப்பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் மகனுக்கு இப்போது பத்து வயதுதான் இருக்கும்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு இந்தத் திறன் சொந்தமாக முழுசாக இருக்காது. நம்மிடமிருந்து கடன் வாங்கித்தான் நடத்துகிறது. "முதலில் சட்டை, அப்புறம் செருப்பு" என்று நாம் வரிசை சொல்கிறோம். அது வீறிட்டு அழும்போது மடியில் போட்டு அமைதிப்படுத்துகிறோம். அந்த நேரத்தில் நம் மனத்தையே அதற்கு இரவல் தருகிறோம். வட்டிக்கெடு, வீட்டு வாடகை, யாருக்குக் காய்ச்சல் வருமோ என்ற பயம் எல்லாம் உங்கள் தலையை அடைத்திருந்தபோது இரவல் தர உங்களிடம் என்ன மிச்சம் இருந்திருக்கும்? பொறுத்துப் போவதும் திட்டமிடுவதும் உங்கள் மூளையிலும் அதே பகுதி செய்யும் வேலைதான். கவலை அதை முழுக்க எடுத்துக்கொண்டது. பாசம் குறைந்ததால் நீங்கள் கத்தவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1930-களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தது. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் அப்போது வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய பதிவுகளைச் சமூகவியலாளர் க்ளென் எல்டர் ஆராய்ந்தார். வருமானம் போனதன் பாதிப்பு பெருமளவு வீட்டு உறவுகளின் வழியாகத்தான் பிள்ளைகளைத் தொட்டது என்று கண்டார். அந்தப் பிள்ளைகளில் பலர் வளர்ந்து நல்லபடியாக நிமிர்ந்தார்கள் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். நம் ஊரிலும் 1942-ல் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே வந்த குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளும் படித்தார்கள், தொழில் செய்தார்கள்.

கொரோனா காலத்தைப் பற்றிய ஆய்வுகளிலும் பெற்றோரின் மன அழுத்தம் கூடிய வீடுகளில் பிள்ளைகளின் கவனமும் தன்னடக்கமும் தடுமாறியது தெரிகிறது. ஆனால் அவற்றில் பலவற்றில் பிள்ளையைப் பற்றி மதிப்பெண் போட்டவர்கள் பெற்றோர்தாம். மனம் நொந்திருக்கும் தாய்க்குப் பிள்ளையின் சின்னக் குறும்பும் பெரிதாகத் தெரியும். துறுதுறுப்பான பிள்ளையே தாயின் அழுத்தத்தைக் கூட்டவும் செய்யும். ஆகவே "இதனால்தான் அது" என்று ஒரே கோடாக இழுக்க முடியாது.

உங்கள் மகன் விஷயத்தில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டில் பள்ளி மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். முறை வரும்வரை காத்திருப்பது, ஆசிரியர் சொல்வதைக் கேட்டு முடிப்பது, பெல் அடித்தால் புத்தகம் மாற்றுவது எல்லாம் பாலர் வகுப்பில் பழக வேண்டியவை. அவனுக்கு அந்த வகுப்பே இல்லாமல் போய்விட்டது. அதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்?

முதலில் கண், காது, தூக்கம் மூன்றையும் பாருங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும் கணக்கைப் பாதியில் விடும். பள்ளியிலும் வீட்டிலும் ஒரே மாதிரி ஆறு மாதத்துக்கு மேல் தடுமாறினால், அரசு மருத்துவமனையோடு சேர்ந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் காட்டுங்கள். பதினெட்டு வயது வரை அங்கே பார்ப்பார்கள், கட்டணம் இல்லை.

நீங்களும் பேச வேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது. உங்கள் மனப்பாரம் இறங்கினால்தான் அவனுக்கு இரவல் தர ஏதாவது இருக்கும். அதனால்தான் பிள்ளையின் பயிற்சிக்கு முன்னால் இதைச் சொல்கிறேன். அவனிடமும் ஒருநாள் உட்கார்ந்து, "அப்போது அம்மாவுக்குப் பயமாக இருந்தது, அதனால் கத்திவிட்டேன், உன் மேல் தப்பில்லை" என்று சொல்லிவிடுங்கள். இதற்குக் காலம் கடந்துவிடவில்லை.

பயிற்சிக்குப் பணம் கட்டி எங்கும் சேர்க்காதீர்கள். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் தரையில் பதினான்கு வட்டம் போட்டுப் புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். எந்தக் குழியில் எத்தனை என்று நினைவு வேண்டும், எடுக்கத் துடிக்கும் கையை அடக்க வேண்டும், எதிராளி காய் நகர்ந்ததும் யோசனையை மாற்ற வேண்டும். நான்கு சேர்ந்ததும் "பசு" என்று அள்ளுவதற்குக் கண் விழிப்பாக இருக்க வேண்டும். அவன் தோற்று முகம் சுளித்தால் விட்டுவிடுங்கள், மறுநாள் ஆடலாம்.

அதைவிட நல்ல ஆசான் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். ஐந்நூறு பேருக்கு இலை போடும்போது எந்த அடுப்பில் எது கொதிக்கிறது, எதை எப்போது இறக்க வேண்டும் என்று ஒரே நேரத்தில் தலையில் வைத்திருப்பவர் உங்கள் கணவர். அடுத்த விசேஷத்துக்குச் சாமான் பட்டியல் போடும்போது மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி, உளுந்து அளப்பது, ஊறவைத்த நேரத்தைக் குறிப்பது, அரைக்கும் நேரம் வந்ததும் ஞாபகப்படுத்துவது அவன் பொறுப்பு. எண்ணெய்ச் சட்டி அப்பாவுடையது. முதல் வாரம் இரண்டு வேலை மட்டும் கொடுங்கள், மறந்தால் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று கவனித்து எனக்கு மறுபடி எழுதுங்கள், அதற்குத் தகுந்தாற்போல் அடுத்ததைச் சொல்கிறேன்.