ராகம் வேண்டாம், ஒப்பாரியாவது தெரிய வேண்டாமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்கத் தென்மாநிலங்களின் செவ்விலக்கியத்தை ரசிக்க நூலே போதுமா, அந்த மண்ணின் வரலாறும் வாழ்க்கையும் தெரிய வேண்டுமா என்பது தலைப்பு. 'சங்கீதம் ரசிக்க ராகத்தின் பேர் தெரியணுமா?' என்று கேட்டு எதிரணித் தலைவர் கைதட்டல் வாங்கிவிட்டார். பேர் வேண்டாம் ஐயா. ஒப்பாரிக்கும் தாலாட்டுக்கும் வித்தியாசமாவது தெரிய வேண்டாமா?

ஹார்ப்பர் லீயின் 1960-ஆம் ஆண்டு நாவல், 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. செய்யாத குற்றத்துக்காகக் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் கூண்டில் நிற்கிறார். வக்கீல் அட்டிகஸ் சாட்சிகளைக் கிழித்துத் தொங்கவிடுகிறார். 'அப்பாடா, விடுதலைதான்' என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். கதை நடக்கும் அலபாமா மாநிலத்துக்காரர் நிமிரமாட்டார். 1931-இல் அதே மாநிலத்தில், பொய்ப் புகாரின் பேரில் நடந்த ஸ்காட்ஸ்பரோ வழக்கில் கைதான ஒன்பது கறுப்பினப் பையன்களில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை கிடைத்தது. ஜூரியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளை ஆண்கள். தோற்போம் என்று அட்டிகஸே சொல்கிறார், உண்மைதான். ஆனால் எவ்வளவு உறுதியாகத் தெரிந்து சொல்கிறார் என்பது இந்த வழக்கை அறிந்தவருக்குத்தான் உறைக்கும்.

அடுத்து கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டன். அவர் வளர்ந்த, ஃபுளோரிடா மாநிலத்து ஈட்டன்வில், 1887-இல் கறுப்பினத்தவரே அமைத்துக்கொண்ட ஊர். 'தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்' நாவலில் அந்த ஊர்க் கடைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு நோஞ்சான் கோவேறு கழுதையைப் பற்றி வாய்க்கு வந்தபடி அளக்கிறார்கள். எதிரணி இதை வெறும் நகைச்சுவை என்றது. தலைக்குமேல் வெள்ளை முதலாளி இல்லாத ஊரில் வாய்விட்டுச் சிரிக்கிற சிரிப்பு ஐயா அது!

அதே நாவலில் புயல் வருகிறது. 1928 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் ஒக்கிசோபி ஏரிக்கரையை நிஜமாகவே உடைத்த புயல்தான். வயல் வேலைக்கு வந்த கூலிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். நாயகி ஜேனியின் கணவன் டீ கேக்கைத் துப்பாக்கி காட்டிப் பிணம் புதைக்க இழுத்துப்போகிறார்கள். சவப்பெட்டி வெள்ளையருக்கு மட்டும். ஊறிப்போன உடலில் நிறம் தெரியாவிட்டால்? தலைமுடியைப் பார் என்கிறான் காவலாளி.

எழுத்தாளர் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார் என்று தோன்றும். ஆனால் அந்தப் புயலுக்குப் பிறகு நிஜமாகவே ஃபுளோரிடாவின் வெஸ்ட் பாம் பீச் நகரில் 674 கறுப்பினத்தவரை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். வெள்ளையர் உடல்கள் பெட்டிகளில் உட்லான் கல்லறைக்குப் போயின. 'நூலே போதும்' என்கிற எதிரணியினரே, அந்த 674 பேர் நாவலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்?